மஞ்சள் தாள்

டோல்பர்ட் கவுண்டி
9 ஜனவரி 2022

அன்புத் தங்கை ட்ரீனாவுக்கு,

நோர்மா அக்கா எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா, மேசிக்கு இருமல் நின்றதா, இரண்டுக்கும் பதில் எழுது.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் உன்னைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பெண்கள் காப்பகத்து அம்மாள் உன்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனதே நல்லது. உன் புருஷன் டுவேன் முன்வாசலில் நாற்பது நிமிஷம் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றான்.

இரண்டு வருஷம் அவன் உன் பக்கமோ மேசி பக்கமோ வரக் கூடாது என்று நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்படிப்பட்ட உத்தரவை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாநிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் இந்த மாநிலத்தில் எந்த ஊர் போலீஸ்காரர் அவன் பெயரைத் தட்டினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும். என்னோடு வேலை பார்க்கும் வான்டாதான் ஏற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர் காகிதத்தை எழுத்தர்கள் நாங்கள் தொடக் கூடாது. அவளோ பித்தப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறாள். தலைமை எழுத்தர் ப்ரூயிட் கையைப் பிசைந்தார்.

"நோர்மா, இது உன் தங்கச்சி காகிதம். பக்கத்துக் கவுண்டி கோர்ட்டுலேர்ந்து ஒரு ஆளை வரச் சொல்றேன்."

"அவங்க திங்கக்கிழமைதான் வருவாங்க. அதுவரைக்கும் அவ என்ன பண்ணுவா? பதினாறு வருஷமா ஏத்துறேன், ஒரு எழுத்து பிசகியிருக்கா, சொல்லுங்க."

மனிதர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நானே உட்கார்ந்து ஏற்றினேன். அவன் பெயர், பிறந்த தேதி, வண்டி எண் எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

உன் வேலையிடமும் மேசியின் பள்ளிக்கூடமும் எழுதிய தாள் ரகசியம். அதை மாடியில் நீதிபதி அலுவலகத்தில் மஞ்சள் தாளில்தான் அச்சடிப்பார்கள். மஞ்சள் தாள் பதிவேட்டில் ஏற்றும் ஸ்கேனருக்குள் போகாது, பூட்டிய இழுப்பறைக்குத்தான் போகும். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். ஆகையால் நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்கே தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இந்தக் கடிதம் தலைநகரில் உனக்குக் கொடுத்திருக்கும் பெட்டி எண்ணுக்குப் போய், அங்கிருந்து உன்னிடம் வரும். பத்து நாளாகுமாம். போன் வேண்டவே வேண்டாம் என்று காப்பகத்து அம்மாள் சொல்லிவிட்டாள். ஆகட்டும், காகிதத்திலேயே பேசுவோம்.

இனி நிம்மதியாகத் தூங்கு.
நோர்மா அக்கா

23 ஜனவரி 2022

அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டேன். மேசிக்கு இருமல் நின்றுவிட்டது. இதை முதல் வரியில் எழுதாவிட்டால் உன் அடுத்த கடிதம் முழுக்க இதுதான் இருக்கும். உன் முட்டிக்கு மருந்து தடவுகிறாயா, அல்லது வழக்கம்போல எல்லாரையும் திட்டியே வலியை ஓட்டுகிறாயா?

ஒரு நல்ல செய்தி. இங்கே வந்ததிலிருந்து மேசி குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தொட்டிக்குள்தான் தூங்குவாள். போன செவ்வாய்க்கிழமை தலையணையைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, இந்த வாசக் கதவுத் தாழ்ப்பா நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு."

"அப்ப சரி. தொட்டி ரொம்ப குளுருது."

ஏழு வயசுக் குழந்தை தாழ்ப்பாளை விசாரித்துவிட்டுத் தூங்கப் போகிறாள் அக்கா. ஆனால் தூங்குகிறாள். பள்ளியில் டீச்சரிடம் பேசவும் ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு ரொட்டிக்கடையில் டோனட்டுக்குச் சர்க்கரை பூசுகிறேன். காலை நாலு மணிக்கு வேலை. என்மேல் எப்போதும் வெனிலா வாசனை.

என் காகிதத்தை நீயே ஏற்றினாய் என்று படித்ததும் அழுதுவிட்டேன். வேறு யார் கையிலாவது போயிருந்தால் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டே கிடந்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ட்ரீனா

டோல்பர்ட்
7 பிப்ரவரி 2022

ட்ரீனா கண்ணு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முட்டிக்கு மருந்தும் தடவுகிறேன், திட்டவும் திட்டுகிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் கேட்கிறது.

வான்டா வேலைக்கு வந்துவிட்டாள். ஷெரிஃப் அலுவலகப் போலீஸ்காரர் ஜனவரி பதின்மூன்றாம் தேதியே உத்தரவின் நகலை டுவேன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். அதையும் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. இனி 'எனக்குத் தெரியாது' என்று அவனால் சொல்ல முடியாது.

அந்தத் தடியன் போன வாரம் என் சன்னலுக்கே வந்தான். வண்டிக்கு ஏதோ வரி கட்ட வந்தானாம். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"என்ன அண்ணி, சௌக்கியமா? என் பங்குக் காகிதம் வந்துச்சு. ஒரு எழுத்து விடாம படிச்சேன். ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க."

இத்தனை வருஷத்தில் அவன் என்னை மரியாதையாக அழைத்தது அன்றைக்குத்தான். "வரி கட்டற எடம் அடுத்த சன்னல்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். இருக்கட்டும், காகிதம் நம் கையில் இருக்கிறது.

மேசி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? ஏரிக்காற்று அவள் நெஞ்சுக்கு ஆகாது, காதை மூடித் தொப்பி போட்டுப் பள்ளிக்கு அனுப்பு. பீக்கன் கொட்டை உரித்து வைத்திருக்கிறேன். பெட்டி எண்ணுக்குப் பொட்டலம் அனுப்பலாமா என்று கேட்டுச் சொல்.

என்றும் உன்
நோர்மா அக்கா

19 பிப்ரவரி 2022

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஏரி இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லை. எழுதியிருக்கவே மாட்டேன். இழுப்பறையைத் திறந்து மஞ்சள் தாளைப் பார்த்தாயா? பார்த்திருந்தாலும் பரவாயில்லை. உனக்குத் தெரிந்தால் பத்திரம்தான். ஆனால் பார்க்க மாட்டேன் என்று நீதான் பெரிதாகச் சொன்னாய்.

இன்னொன்று. டுவேன் ஒரு எழுத்து விடாமல் படித்தேன் என்றானே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் சிகரெட் டப்பாவைக்கூடப் படிக்காத ஆள். அடிக்கும்போது கத்துவான், அதைத் தாங்கிக்கொள்ளலாம். அவன் மரியாதையாகப் பேசினால்தான் மேசியைக் கூட்டிக்கொண்டு குளியலறைத் தாழ்ப்பாளைப் போடுவேன்.

மேசி நேற்று, "அம்மா, அப்பா வண்டி மாதிரியே ஒண்ணு பாத்தேன்" என்றாள். "சாம்பல் கலர் வண்டி ஊருக்கு ஆயிரம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

ட்ரீனா

டோல்பர்ட்
1 மார்ச் 2022

ட்ரீனா,

நலம் விசாரிக்க நேரமில்லை. மேசியை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடு. நீயும் ரொட்டிக்கடையை விட்டுவிடு. வீட்டையும் மாற்று. காரணம் கேட்காதே. அக்கா சொன்னால் சும்மா சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகுமே என்று இப்போதே தபால் நிலையத்துக்கு ஓடுகிறேன்.

நோர்மா

3 மார்ச் 2022

அக்கா,

அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒரு பெண் போன் செய்தாளாம். "மேசியைக் கேட்டு ஒரு ஆள் வருவான், யார் வந்தாலும் குழந்தையை அனுப்பாதீங்க" என்றாளாம். நீங்கள் யார் என்று கேட்டதும் வைத்துவிட்டாளாம். அந்தப் பள்ளியில் மேசி படிப்பது காப்பகத்து அம்மாளுக்கும் நீதிபதிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காப்பகத்து அம்மாளைக் கேட்டேன், நாங்கள் செய்யவில்லை என்கிறாள்.

அவன் புதிதாக யாரையாவது பிடித்துப் பேச வைத்திருப்பானா? என்னைப் பயமுறுத்தி வெளியே இழுக்கப் பார்க்கிறானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. மேசியை இரண்டு நாளாக வெளியே அனுப்பவில்லை. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டாள்.

அக்கா, அது நீயா? நீயாக இருந்தால் சொல்லிவிடு. உன்மேல் கோபப்படுவதற்காவது எனக்குத் தெம்பு இருக்கிறது.

ட்ரீனா

டோல்பர்ட்
12 மார்ச் 2022

ட்ரீனா,

நான்தான்.

ஏரி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாயே, அந்த வரியைப் படித்தபோது எனக்கும் தெரியவில்லை. சத்தியமாக நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. பிறகு எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். நேரே போய் இழுப்பறையைத் திறந்தேன். உன் பெயரில் மஞ்சள் தாளே இல்லை.

வருஷக் கடைசியில் மாடியில் மஞ்சள் தாள் தீர்ந்துபோயிருக்கிறது. உன் ரகசியத் தாளை வெள்ளையில் அச்சடித்து உத்தரவோடு கீழே அனுப்பிவிட்டார்கள். மேலே 'ரகசியம்' என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது. ஆனால் என் கண் எழுத்தைத் தேடவில்லை, மஞ்சளைத்தான் தேடியது. மஞ்சள் ஒன்றும் இல்லை, எல்லாம் வெள்ளை, அப்படியே ஸ்கேனரில் போட்டேன். பக்கங்களை எண்ணும்போது ஏரிக்கரைத் தொடக்கப்பள்ளி என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கிறது, மனதில் தங்கியிருக்கிறது, மண்டையில் உறைக்கவில்லை. ஐந்தாம் பக்கம். ஷெரிஃப் அலுவலகம் பதிவேட்டிலிருந்துதான் நகல் எடுக்கும். டுவேன் கையில் கொடுத்த கட்டிலும் அந்தப் பக்கம் இருக்கிறது. உன் கடைப் பெயரும் இருக்கிறது.

இதை மார்ச் ஒன்றாம் தேதியே கண்டுபிடித்தேன். பள்ளிக்குப் போன் செய்தேன், பெயர் கேட்டதும் வைத்துவிட்டேன். உனக்குக் காரணம் இல்லாத ஒரு கடிதம் எழுதினேன். ப்ரூயிட்டிடம் சொல்லவில்லை. பதினாறு வருஷ வேலை போய்விடும், ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. இன்று உன் கடிதம் வந்ததும், சனிக்கிழமை என்றும் பார்க்காமல் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவர் காப்பகத்துக்குப் பேசிவிட்டார். பத்து நிமிஷ வேலைக்கு நான் பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன், ட்ரீனா. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

பதிவேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தாயிற்று. அதற்கு மூன்று நிமிஷம்தான் ஆனது. அவன் சட்டைப் பையிலிருந்து எடுக்க வழியில்லை. அவன் வேலை பார்க்கும் தீவனக் கடை வாசலில் வண்டி நாலு நாளாக இல்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுது.

நோர்மா

டோல்பர்ட்
21 மார்ச் 2022

ட்ரீனா,

காப்பகத்துக்குப் போன் செய்தால், "எதையும் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைம்மா" என்கிறார்கள். அந்தப் பதிலை நானே இந்தச் சன்னலில் எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது. வெற்றுத் தாளை மடித்து அனுப்பினாலும் போதும். சாப்பாடு இறங்கவில்லை.

நோர்மா

டோல்பர்ட்
25 மார்ச் 2022

ட்ரீனா,

நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

என்னைப் பதிவேட்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரை முன்சன்னலும் போனும்தான் என் வேலை. நேற்று மூன்று மணிக்கு மணி அடித்தது.

"டோல்பர்ட் நீதிமன்றமா? வெளியூர் போலீஸ் பேசுறேன். ஒரு பாதுகாப்பு உத்தரவைச் சரிபார்க்கணும்." அவர் பெயரைப் படித்தார். டுவேன் பெயர். பிறந்த தேதியையும் படித்தார். வான்டா பக்கத்தில் இல்லை.

"இது நடப்புல இருக்காம்மா?"

"இருக்கு."

"நகல் அவன் கையில குடுத்தாச்சா?"

"ஜனவரி பதின்மூணு. கையெழுத்து இருக்கு."

"பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக் கூடாதுன்னு இருக்கா?"

"இருக்கு. அவன் கைக்குப் போன நகல்ல அஞ்சாம் பக்கம்."

"நல்லதும்மா. பள்ளிக்கூடத்து வாசல்ல வண்டியைத் தப்பா நிறுத்தியிருந்தான். சும்மா பேரைத் தட்டினேன், வந்துடுச்சு. உள்ள வச்சிருக்கோம்."

"அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க யாரு?"

"எழுத்தர்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

நான் மூன்று தடவை சரிபார்த்து ஏற்றிய வரி அவனைப் பிடித்துக்கொடுத்திருக்கிறது. நான் பார்க்காமல் ஏற்றிய பக்கம்தான் அவனை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அவன் அங்கே நின்றதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். போனை வைத்த பிறகும் அந்தச் சன்னலிலேயே உட்கார்ந்து இரண்டு பேருக்கு ரசீது கொடுத்தேன்.

மேசியைப் பற்றி ஒரு வார்த்தை எழுது, தாயே.

நோர்மா

4 மே 2022

அக்காவுக்கு,

இருக்கிறோம். இரண்டு பேரும் நலம். நீ எழுதிய எல்லாம் மொத்தமாக நேற்றுதான் கைக்கு வந்தது, ஏனென்றால் பெட்டி எண்ணே மாறிவிட்டது.

மார்ச் மூன்றாம் தேதி உனக்குத் தபால் போட்டேன். மறுநாள் விடியுமுன் கிளம்பிவிட்டோம். யார் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை. ஆக, பெயர் சொல்லாமல் நீ வைத்த அந்த அசட்டுப் போன்தான் எங்களைக் கிளப்பியது. அவன் வந்தபோது மேசியின் நாற்காலி காலி. அதற்கு முன்னாலும் மூன்று தடவை வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் அம்மாள் போலீசிடம் சொன்னாளாம். மேசி சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆயிரம் வண்டி இருக்கிறது என்று சொல்லி அவள் வாயை அடைத்தது நான். அதனால் தப்பு செய்தவள் நீ மட்டும் இல்லை.

ஆனால் அந்தப் பதினொரு நாளை என்னால் விழுங்க முடியவில்லை அக்கா. தாள் வெள்ளையானதை மன்னித்துவிட்டேன். அது யாருக்கும் நடக்கும். உன் வேலையா மேசியா என்று வந்தபோது நீ பதினொரு நாள் யோசித்தாய். நான் டுவேனிடம் பத்து வருஷம் யோசித்தவள், உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என்றாலும் முடியவில்லை.

எனக்கு யாரிடமிருந்து கடிதம் வரலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். உன் அன்பைப் பற்றிச் சந்தேகம் இல்லை. நீ ஒரு வரி எழுதினால் அதில் ஒரு ஏரி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பீக்கன் கொட்டையும் அனுப்பாதே.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். பதிவேட்டில் பொதுமக்கள் பார்க்கலாமா என்று ஒரு கட்டம் உண்டே. வேண்டாம் என்றுதான் முதலில் எழுதிக்கொடுத்தேன். இப்போது பார்க்கலாம் என்று மாற்றிவிட்டேன். அவன் பெயரைத் தட்டினால் ஒரு வரி வரும். டோல்பர்ட் நீதிமன்றம், உத்தரவு தேதி, எதுவரை செல்லும், அவ்வளவுதான். அவனுக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. 2024 ஜனவரி ஏழு வரைக்கும் ஆயுள். அதற்கு முன்னால் வழக்கறிஞர் வழியாக நீட்டிக்கக் கேட்பேன். கேட்க நான் உயிரோடு இருக்க வேண்டும். அந்தத் தேதி மாறியிருந்தால் நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

முட்டிக்கு மருந்து தடவு.
ட்ரீனா

டோல்பர்ட்
5 ஜனவரி 2024

ட்ரீனா கண்ணுக்கு,

இதை அனுப்ப முகவரி கிடையாது. எழுதி டப்பாவில் வைக்கிறேன். நான் நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன்னைப் பற்றி விசாரிப்பதிலேயே இந்த இரண்டு வருஷமும் போயிற்று.

விசாரணை முடியுமுன் நானே வேலையை விட்டுவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு நிரப்புகிறேன். மேசி வயசுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிடுகிறேன். டுவேன் ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்து மறுபடியும் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறான். எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றுகிறான்.

வேலை நாளெல்லாம் காலையில் நூலகத்துக்குப் போய் அவன் பெயரைத் தட்டினேன். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க, அவளைக் கொல்ல நினைத்தவன் பெயரைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. தினமும் அதே வரி, அதே ஜனவரி ஏழு. நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று, தேதி மாறவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் வான்டா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள்தான் இப்போது பதிவேட்டைப் பார்க்கிறாள். உன் மனு வந்ததா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணைத் தூக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

நேற்று வரை மாறவில்லை. நாளைக்கும் மறுநாளும் நூலகம் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அந்த வரி தானாகச் செத்துவிடும். ராத்திரி முழுக்க உனக்குச் சாவுச் சாப்பாடு சமைப்பதுபோலக் கனவு கண்டேன்.

இன்று காலை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். தட்டினேன். நடப்பில் இருக்கிறது. எதுவரை செல்லும் என்ற இடத்தில் 2034 என்று இருந்தது.

இன்னும் பத்து வருஷம் ட்ரீனா. அதற்குள் மேசிக்குப் பத்தொன்பது ஆகிவிடும்.

சத்தம் போட்டு அழுதுவிட்டேன். நூலகத்துப் பெண் ஓடிவந்து, "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்றாள். "இல்லம்மா, இருக்காங்க" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். அதில் டுவேன் பெயர்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நூலகம் திறக்கும். போவேன்.

உன் அக்கா
நோர்மா